எழுபது பதினெட்டு பற்றி ஒரு திருத்தம்

தண்ணீர் வேண்டாம் ஐயா, வரும் வழியிலேயே குடித்துவிட்டேன். ஸ்டேஷனில் உட்காரச் சொன்னதே போதும். ஒரு சின்னத் திருத்தம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். எங்கள் பட்டறை செய்து கொடுத்த சரக்கு லிப்ட் அறுந்து விழுந்ததே, அது பற்றிய விசாரணை அறிக்கையில் இரண்டு தப்பு இருக்கிறது. பற்றவைத்த வெல்டிங் குச்சி 6013 என்று போட்டிருக்கிறார்கள். அது 7018. அடுத்து, குச்சி ஈரமானதற்கு என் மச்சானின் சாப்பாட்டு டப்பாதான் காரணம் என்று எழுதியிருக்கிறார்கள். அது எவ்வளவு பெரிய தப்பு என்று புரிய, குச்சிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் அந்தப் பட்டறையில் ஸ்டோர் கீப்பர். லிப்டில் இறந்துபோன தலைமை வெல்டர் என் மனைவியின் அண்ணன். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். நான் மறந்தாலும் அவர் மறக்க விட்டதில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெளியாட்களுக்குக் குச்சி என்றால் குச்சி. ஆனால் ஒவ்வொன்றின் பிடியோரத்திலும் ஒரு எண் அச்சிட்டிருக்கும். முதல் இரண்டு இலக்கம் பலம். அறுபதைவிட எழுபது அதிகம் தாங்கும். மூன்றாவது, எந்த நிலையில் பிடிக்கலாம் என்பது. ஒன்று என்றால் தலைக்கு மேலே அண்ணாந்துகூடப் பற்றவைக்கலாம், இரண்டு என்றால் கீழே கிடத்திய வேலையோடு சரி. கடைசி இலக்கம் மேல்பூச்சையும் மின்சாரத்தையும் சொல்லும். எவர்சில்வருக்கு 308. எவர்சில்வரையும் சாதா இரும்பையும் சேர்க்க 309. வார்ப்பிரும்புக்கு நிக்கல் குச்சி. மாற்றிக் கொடுத்தாலும் ஒட்டத்தான் செய்யும். நம்பி ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

இந்தக் கண் ஒருமுறை வந்துவிட்டால் மனிதர்களும் வகை வகையாகத்தான் தெரிவார்கள். என் மாமியார் 6011. துரு, பெயிண்ட், எண்ணெய்ப் பிசுக்கு எது குறுக்கே நின்றாலும் பார்க்காமல் நேரே உள்ளே இறங்குவார். சகலை 7024, உட்கார்ந்த இடத்தில் கொட்டு கொட்டென்று கொட்டுவார், எழுந்து நிற்கச் சொன்னால் ஒன்றும் நடக்காது. என் மனைவி 309. ஒட்டாத இரண்டு குடும்பங்களை இத்தனை வருடம் சேர்த்துப் பிடித்தவள். நான் 6013. மெல்லிய தகடுக்கு ஏற்றது, அமைதியாக எரியும், எதையும் ஆழமாகத் துளைக்காது. மச்சானுக்கு மட்டும் என்னால் எண் கொடுக்கவே முடியவில்லை.

அவருக்கும் எண்களுக்கும் ஏழாம் பொருத்தம். ஜன்னலில் வந்து நிற்பார்.

"மாப்ள, ஒரு கட்டு குச்சி எடு."

"எந்தக் குச்சி மச்சான்?"

"எரியிற குச்சி."

பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். தினமும் அதே பதில், தினமும் அதே சிரிப்பு. கை அவருக்கு நன்றாக ஓடும், அதை யாரும் மறுக்க முடியாது. கிரைண்டர் பிடிக்கும் ஒருவர் மட்டும், கண்ணாடி என்று கூப்பிடுவோம், வெல்டர்களுக்கு வாங்க வரும்போது "எழுபது பதினெட்டு குடுங்கண்ணே" என்று முறையாகக் கேட்பார். வாங்கிக்கொண்டு அடுப்புக் கதவையும் சரியாகச் சாத்துவார். அப்படி ஒரு மனிதரைப் பார்த்தாலே எனக்கு மனது நிறைந்துவிடும்.

அடுப்பு என்றது சமையல் அடுப்பை இல்லை. 7018-ஐ எப்போதும் சூடான பெட்டிக்குள் வைத்திருக்க வேண்டும். வெளியே கிடந்தால் அதன் மேல்பூச்சு காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துவிடும். அந்தப் பெட்டிக்குள்தான் மச்சான் தன் சாப்பாட்டை வைத்துச் சூடாக்கினார். நான் சொல்லிப் பார்த்தேன். "அடுப்புன்னு ஒண்ணு இருந்தா அதுல சாப்பாடு சூடாகணும் மாப்ள. குச்சிக்கா பசிக்குது?" என்றார். சாப்பாடு வைக்கக் கூடாது என்று ஒரு பலகை எழுதி மாட்டினேன். மறுநாள் பார்த்தால் அதில் அவர் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஆனால் ஈரத்தைப் பற்றி உட்கார்ந்து யோசிக்க வைத்தவர் அவர்தான், அந்த நன்றி எனக்கு உண்டு. குச்சி சொட்டச் சொட்ட நனைந்தால் பற்றில், அதாவது பற்றவைத்த இணைப்பில், பொத்தல் விழும், குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். கொஞ்சமாக ஈரம் ஏறினால் பற்று பார்க்க அழகாகவே இருக்கும். ஈரத்திலிருந்து உள்ளே போன ஹைட்ரஜன் மட்டும் தடித்த இரும்புக்குள் அடைந்து கிடக்கும். உடனே ஒன்றும் ஆகாது. எல்லோரும் கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போன பிறகு, ஓரிரண்டு நாள் கழித்து, பற்றின் அடியில் விரிசல் விடும். அதனால்தான் எந்த ஒழுங்கான பட்டறையிலும் இரண்டு நாள் ஆறவிட்டுத்தான் சோதிப்பார்கள்.

கிடங்குக்கான லிப்ட் வந்தது. மேடை முழுவதும் ஒரே ஒரு காதில்தான் தொங்கும். கம்பிக்கயிறு மாட்டுகிற தடித்த இரும்புக் காது. அதைப் பற்றவைப்பது மச்சான்தான் என்று முடிவானது. எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. தூக்குகிற எந்த வேலையானாலும், முக்கியமான பற்றைப் போட்டவர்தான் முதலில் ஏற வேண்டும். தன் பற்றை நம்பாதவன் அடுத்தவனை ஏற்றக் கூடாது என்பார்கள். நல்ல வழக்கம்தான். அதை நான் உண்டாக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வேலைக்கு வேண்டிய கட்டைத் தனியாக எடுத்து, ஸ்டோருக்குப் பின்னால் டீ கொதிக்கும் கெட்டில் பக்கத்தில் வைத்தேன். ஆவி நேராக அடிக்கவில்லை. அடித்தால் பொத்தல் விழுந்திருக்கும். அவ்வப்போது திருப்பி வைத்தேன். எவ்வளவு நேரம் போதும் என்று முன்பே பழைய இரும்பில் பற்றவைத்து, ஆறவிட்டு, அறுத்துப் பார்த்திருந்தேன். இந்த மாதிரி வேலையை அவசரமாகச் செய்யக் கூடாது. பிறகு குச்சிகளைச் சூடு பிடிக்கும் தூக்குக் குழாயில் போட்டுக் கொடுத்தேன். உள்ளே ஏறிய ஈரம் போக அந்தச் சூடு காணாது. ஆனால் கைக்குச் சுடும். கைக்குச் சுட்டால் வெல்டருக்கு நம்பிக்கை வந்துவிடும்.

"பரவால்லையே மாப்ள, சுடச்சுட பரிமாறுற" என்றார் மச்சான். அதுதான் என் வேலையைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை.

பற்று பிரமாதமாக வந்தது. வரிசை வரிசையாக, ஒழுங்காக. சோதிக்க வந்தவர் இரண்டு நாள் போகட்டும் என்றார். மச்சானுக்குப் பொறுமை ஏது? "ரெண்டு நாள் அடைகாத்தா குஞ்சா பொரிக்கப் போகுது? இப்பவே பாத்துட்டுப் போங்க சார்" என்றார். சோதித்தார்கள். குறை ஒன்றும் இல்லை. பாரம் ஏற்றியும் பார்த்தார்கள். தாங்கியது. சிறுபிள்ளையைத் தட்டிக் கொடுப்பது போல மச்சான் அந்தக் காதைத் தட்டிக் கொடுத்தார்.

கிடங்கில் மாட்டி முடித்து ஏறுகிற நாளில் நானும் போயிருந்தேன். மச்சான் மேடையில் நின்று, "வா மாப்ள, நீயும் ஏறு. ஒரு நாளாவது தரைய விட்டு மேல வந்து பாரு" என்று கூப்பிட்டார். எனக்கு உயரம் ஆகாது என்றேன். அவர் உடனே கண்ணாடியின் தோளைப் பிடித்து ஏற்றிக்கொண்டார். அது என் கணக்கில் இல்லாதது ஐயா. வேண்டாம் என்று நான் கையைக் காட்டினேன். கண்ணாடி சிரித்துக்கொண்டே எனக்குக் கையசைத்தார். ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கொடுத்திருந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வந்திருக்கும். தவிர, ஸ்டோர்காரன் குச்சி கொடுத்தால் போதும், வாய் கொடுக்க வேண்டாம் என்று மச்சானே பலர் முன்னால் சொல்லியிருக்கிறார். பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

மூன்றாவது மாடியைத் தாண்டியதும் காது பிய்ந்தது. மச்சான் அங்கேயே போய்விட்டார். கண்ணாடி பிழைத்துக்கொண்டார், இனி நடக்க மாட்டார் என்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிப் போயிருந்தேன். படுத்தபடி, "அண்ணே, நம்பர் சரியாத்தானே குடுத்தீங்க?" என்று கேட்டார். சரியான நம்பர்தான் என்றேன். எனக்குப் பொய் சொல்லும் பழக்கமில்லை.

பிறகு விசாரணைக் குழு வந்தது. அடுப்பைத் திறந்ததும் மச்சானின் டப்பா இருந்தது. அவ்வளவுதான், எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. செத்தவரே குற்றவாளி என்றால் யாருக்கும் வேலை மிச்சம். என் பலகையைக் காட்டி, ஸ்டோர் கீப்பர் மட்டும்தான் பொறுப்பாக இருந்திருக்கிறார் என்று பாராட்டினார்கள். முதலாளி எனக்குச் சால்வை போர்த்தினார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அறிக்கையைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூடிய டப்பாவிலிருந்து வரும் ஆவியில் அத்தனை ஈரம் எப்படி ஏறும்? 6013-க்கு அடுப்பே தேவையில்லை என்பதுகூடத் தெரியாமலா ஒரு குழு கையெழுத்துப் போடும்? அவ்வளவு கவனமாக அளந்து செய்த வேலையை, கவனமில்லாதவர் ஒருவரின் சாப்பாட்டு டப்பா தலையில் கட்டுவது நியாயமா? அதைத்தான் திருத்தச் சொல்கிறேன்.

கோபத்தில் செய்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள். மாமியார் வீட்டு விருந்தில் நடந்ததைக் காரணமாக யாராவது சொல்வார்கள். யாரோ உறவினர், மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார். "குச்சி காயுதான்னு பாக்குற வேலை. மாவு காயவெச்சா பக்கத்துல ஒக்காந்து காக்கா ஓட்டுவாங்களே, அதுக்குச் சம்பளம் குடுத்தா எப்படி இருக்கும், அந்த மாதிரி" என்றார் மச்சான். அதையெல்லாம் நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். முதலில் சிரித்தது மாமியார். அடுத்து சகலை, வாயில் இருந்ததை விழுங்காமலே. கேள்வி கேட்டவர் மரியாதைக்காகக் கொஞ்சம் பொறுத்து, பிறகு சிரித்தார். கடைசியாக, எனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி, கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அண்ணன் போனதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. முடிந்தால் இங்கே வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள் ஐயா. அவள் மேலும் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.