பின்வாசல் சாவிக்கு நடந்த தேர்தல்

"கூட்டல் கழித்தல் வருமா உனக்கு?" என்று தையல் ஆலை மேலாளர் என்னைக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். பக்கத்து மிஷினிலிருந்து என் அக்காதான் பதில் சொன்னாள். "எட்டாவதோட நின்னாலும் கணக்குல புலி சார் இவ. வாயத்தான் திறக்க மாட்டா. திறந்தா மழை கொட்டிடும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நீங்கள் கேட்டதால் வரிசையாகச் சொல்கிறேன், அத்தான்.

பின்வாசல் சாவி யாரிடம் இருப்பது என்பதற்குத்தான் தேர்தல். அதுவரை ஸ்டோர்காரரிடம் இருந்தது. யாரையும் பகைக்காத மனிதர். மதியம் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார். தன்னிடம் சாவி வந்தால் வேலை நேரம் முழுக்கக் கதவு திறந்திருக்கும் என்று சொல்லி அக்கா எதிர்த்து நின்றாள். மெக்கானிக்கும் நின்றார், அவருக்கு அதிகம் விழவில்லை.

எண்ணும் வேலையை மேலாளர் எனக்குக் கொடுத்தார். நாற்பது சீட்டுகள். ஒவ்வொன்றிலும் மூவருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று இடம் போட்டிருந்தார்கள். முதலிடங்களை எண்ண வேண்டும். பிறகு முதலிடத்துக்கு மூன்று, அடுத்ததற்கு இரண்டு, கடைசிக்கு ஒன்று என மதிப்பெண் போட வேண்டும். இரண்டையும் அதனதன் மொத்தத்தில் சதவீதமாக்கிச் சேர்ப்பதுதான் முறை.

முதலிடம் அக்காவுக்குப் பதினெட்டு, ஸ்டோர்காரருக்குப் பன்னிரண்டு. மதிப்பெண் அக்காவுக்கு எழுபத்தெட்டு, அவருக்குத் தொண்ணூறு. சதவீதமாக்கினால் அக்கா பத்து முன்னால் நின்றாள். ஆக்காமல் அப்படியே கூட்டினால் அவருக்கு நூற்றிரண்டு, அக்காவுக்குத் தொண்ணூற்றாறு.

நான் அப்படியே கூட்டினேன்.

யாரும் சரிபார்க்கவில்லை. "விடுடி, நீ எண்ணினா சரியாத்தான் இருக்கும்" என்று அக்காவே என் தோளைத் தட்டினாள். வேலை சுத்தமாக இருக்கிறது என்று மேலாளர் என்னை முன்னறை மேசைக்கு மாற்றினார். மூன்றாம் வாரம் மதியம் தீப்பிடித்தபோது அதனால்தான் வெளியே வர முடிந்தது. பூட்டியிருந்த பின்வாசலில் ஒன்பது பேர் இறந்து கிடந்தார்கள். கதவை ஒட்டிக் கிடந்தவள் அக்கா.

தீயை நான் வைக்கவில்லை. ஒரு சீட்டையும் திருத்தவில்லை. ஒரே ஒரு தடவை அவள் தோற்கட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். கதவைப் பற்றி எனக்கு நினைப்பே இல்லை. நம்பிக்கையில்லை என்றால் அன்று எழுதிய நோட்டைப் பாருங்கள் என்று அத்தானிடம் கொடுத்தேன்.

அத்தான் பக்கத்தைப் புரட்டினார். சதவீதமாக்கியது, அப்படியே கூட்டியது என இரண்டு கூட்டல்களும் இருந்தன. இரண்டாவதன் கீழே என் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'இனி மதியம் கதவு பூட்டித்தான் இருக்கும்.'

அதை நான் மறந்தே போயிருந்தேன்.

அவர் நோட்டை மூடி மேசைமேல் நேராக வைத்தார். எழுந்து போனார்.