கறுப்புக் கம்பளிக்கு முன்னால்

— கேமராவைத் தூக்கினேன், அந்த மயில் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "வெளிச்சம் போறாது, நாளைக்கு வா"ன்னு தலையாட்டிட்டுப் போயிடுத்து. பொய்யில்லே, ஹம்சா.

— அச்சா. மறுநாள் போனியா?

— போனேன். அது லீவு. அரசாங்கத் தோட்டத்து மயில்தானே.

— ஜம்பு, மயில் கதை கேக்கவா ஜனக்புரிக்கு வந்தேன்? கீழே மாதவ் கார்ல உட்கார்ந்திருக்கான். சாயங்காலம் ஃப்ளைட். இனிமே பிள்ளையோட பெங்களூர்தான். அவரும் போனப்புறம் தில்லியில எனக்கு யார் இருக்கா?

— காபி குடிக்கறியா?

— வேண்டாம். அந்த ஃபோட்டோவைக் குடு.

— எந்த ஃபோட்டோ? ரெண்டு பீரோ நிறைய இருக்கு. ஜனவரி இருபத்தாறு பரேடுக்கு விடியறதுக்கு முன்னாடியே போய் இடம் பிடிச்சு, ஒட்டகத்துக்காகக் காத்திருந்தேன். ஒட்டகம் வந்தது. முன்னால ஒரு சர்தார்ஜி எழுந்து நின்னார். பிரமாதமான தலைப்பாகைப் படம், வேணுமா? பிளான் போட்டு எடுத்தா இப்படித்தான்.

— நாம ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்கறோமே, அது.

— ஓ, அதுவா. அது அதிர்ஷ்டம். எடுத்த ஃபிலிம் ரோலையே மறந்துபோய் மறுபடி கேமராவுல போட்டுட்டேன். நான் முதல் நாள் நின்னதும் நீ மறுநாள் நின்னதும் ஒரே படத்துல விழுந்துடுத்து.

— அன்னிக்கும் சரோஜினி நகர் பூரா இதைத்தான் சொன்னே. எங்கம்மாகூட நம்பினா. அதை நம்பித்தான் அடுத்த மாசமே எனக்குக் கல்யாணம் நிச்சயம் பண்ணினா.

— தெரியுமே. அந்தக் கல்யாணத்துக்கும் நான்தானே ஃபோட்டோ? எல்லாம் பிளான் போட்டு எடுத்தது. ஒண்ணும் நன்னா வரலே.

— அது இருக்கட்டும். மோதி பாக் ஸ்கூல் பொங்கல் விழாவுல, பட்டப்பகல்ல, சுவத்துல எதுக்குக் கறுப்புக் கம்பளி தொங்கவிட்டே?

— சுவருக்குக் குளிருமேன்னு.

— அரே, ஜம்பு!

— சரி, சரி. கறுப்பா இருக்கற இடத்துல ஃபிலிம்ல ஒண்ணும் பதியாது, காலியாவே இருக்கும். முதல் நாள் அதே கம்பளிக்கு முன்னால நான் நடுவை ஒட்டி இடது பக்கமா நின்னேன். வலது பக்கத்து இடம் உனக்கு. மார்கழி பூரா யோசிச்ச பிளான். மயில்கிட்டகூட சொல்லலே.

— அப்புறம் ஏன் அதிர்ஷ்டம்ங்கறே?

— பச்சைத் தாவணிக்கு மேலே உங்கப்பா ஸ்வெட்டரைப் போட்டுண்டு வந்து நின்னே பாரு, எனக்குத் தைரியம் போயிடுத்து. "வலது பக்கம் தள்ளி நில்லு"ன்னு சொல்ல வாயே வரலே. "நடுவுல நில்லு"ன்னுட்டேன். நடுவுல நின்னா உன் மூஞ்சி மேல என் மூஞ்சி விழுந்து பேய்ப் படமாயிடும், கிழிச்சுப் போட்டுடலாம்னுதான். கண்ணை இறுக்க மூடிண்டுதான் பட்டனை அமுக்கினேன். கழுவிப் பார்த்தா, நீ சரியா வலது பக்கத்துல நிக்கறே. எப்படின்னு இன்னிக்கு வரைக்கும் புரியலே. என் ஆயுசுல நிஜமா நடந்த அதிசயம் அது ஒண்ணுதான், ஹம்சா.

— மாதவ் ஹார்ன் அடிக்கறான். குடு.

— இந்தா. பார்த்து எடுத்துண்டு போ, வேற பிரிண்ட் கிடையாது. நெகடிவை எலி தின்னுடுத்து. ரசிகன்.

— நான் எடுத்துண்டு போயிட்டா உனக்கு?

— எனக்கு மனப்பாடம்.

— ஏன் ஜம்பு, முதல் நாள் கம்பளிக்கு முன்னால நீ நின்னியே, பட்டனை அமுக்கினது யாரு?

— உங்கண்ணா வேணுதான். யார்கிட்டேயும் மூச்சு விடக்கூடாதுன்னு ஜிலேபி மேல சத்தியம் வாங்கினேன்.

— அந்த ஜிலேபியைத் தின்னுண்டேதான் எங்கிட்ட வந்து சொன்னான். நீ நடுவுல நில்லுன்னுதான் சொன்னே. நான்தான் உனக்கு இடம் விட்டுத் தள்ளி நின்னேன்.