ஒர்னெல்லா துகள்

உங்கள் ஸ்டேஷன் வாசலில் இருந்த பூந்தொட்டியை இடித்தது நான்தான், மேடம். அதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். தலைமுடியைவிட மெல்லிய இரண்டு புரோட்டான் கற்றைகளை நேருக்கு நேர் மோதவிட்டு வேடிக்கை பார்க்கும் இடத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவனுக்குக் காரைப் பின்னால் எடுக்கத் தெரியாது. என் மனைவி இதைக் கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். எங்கள் வீட்டில் நடந்த ஒரே பெரிய கண்டுபிடிப்பு அது.

என் பெயர் எத்தியென் கோர்தேசி. ஜூரா மலையடிவாரத்தில், பூமிக்கடியில் இருக்கும் அந்தப் பெரிய வளையத்தில், மோதலில் சிதறும் துகள்களைப் படிகங்களில் பதிவு செய்யும் உணர்கருவி ஒன்றுக்குக் குழுத் தலைவன். தலைவன் என்றால் கூட்டங்களில் முதலில் பேசுபவன். கடைசியாகப் புரிந்துகொள்பவனும் அவன்தான்.

போன இலையுதிர்காலத்தில் எங்கள் வரைபடத்தில் ஒரு மேடு தெரிந்தது. வழவழவென்று சரிந்து இறங்க வேண்டிய கோட்டில் ஓரிடத்தில் சின்னதாக ஒரு புடைப்பு. அங்கே யாரும் இதுவரை பார்க்காத ஒரு துகள் பிறந்து மறைகிறது என்று அதற்குப் பொருள் சொல்லலாம். யாரோ ஒரு முட்டாள் எங்கேயோ தவறு செய்திருக்கிறான் என்றும் சொல்லலாம். நான் முதல் பொருளை எடுத்துக்கொண்டேன். புது சூட் தைக்கக் கொடுத்தேன். பரிசு அறிவிக்கும்போது காட்ட வேண்டிய முகத்தைக் குளியலறைக் கண்ணாடியில் பழகினேன். அடக்கமும் வியப்பும் ஒரே முகத்தில் வருவது கஷ்டம், மேடம். புருவம் ஒத்துழைக்கவில்லை.

ஒர்னெல்லா என் குழுவில் தரவுகளை அலசியவள். திரியெஸ்தே ஊர்க்காரி. வாய் கொஞ்சம் நீளம். நான் மேட்டைப் பற்றி ஆரம்பித்தால், "புரொஃபசர், அதுக்குத் தாலாட்டு பாடுறத நிறுத்துங்க, நாங்க வேலை பாக்கணும்" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். தலைவர்கள் சிரித்துத்தான் ஆக வேண்டும்.

வருடாந்தரப் பராமரிப்புக்காக இயந்திரத்தை நிறுத்தியிருந்த வாரம். காலையில் இரண்டு காப்பியோடு என் அறைக்கு வந்தாள்.

"உக்காருங்க எத்தியென். நின்னுக்கிட்டு கேக்குற விஷயம் இல்ல."

"என்ன, வேற வேலை கிடைச்சிருச்சா?"

"உங்க மேடு துகள் இல்ல. உணர்கருவியோட கிழக்கு மூலையில, படிகங்களுக்குப் போட்ட திருத்த எண் தப்பு. அத சரி பண்ணினா மேடு கரைஞ்சு போயிடுது."

"யாரு போட்ட எண்?"

அவள் காப்பியைப் பார்த்தாள். "நீங்கதான்."

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னும் யார்கிட்டயும் சொல்லல. நாளைக்கு கூட்டத்துல நீங்களே சொல்லிடுங்க. நீங்களே கண்டுபிடிச்சதா சொல்லிக்கங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. தப்பு எல்லாரும் பண்றதுதானே."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் பொறுத்திருப்பேன். கேலி செய்திருந்தாலும் பழக்கம்தான். அவள் எனக்குப் பெருந்தன்மை காட்டினாள். அது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"உள்ள போய் இணைப்புகள ஒரு தடவ நேர்ல பாத்துடலாம். அப்புறம் சொல்றேன்" என்றேன். நியாயமான பேச்சுதானே. அவளும் ஒத்துக்கொண்டாள்.

அந்த மூலை ஒரு மூடிய அறைக்குள் இருக்கிறது. ஈரம் படாமலிருக்க அதற்குள் நைட்ரஜனை நிரப்பி வைப்போம். ஆள் உள்ளே போக வேண்டுமானால் முதலில் அதை வெளியேற்றி, சாதாரணக் காற்றை அனுப்ப வேண்டும். நைட்ரஜன் விஷம் இல்லை, மேடம். நாம் இழுக்கும் மூச்சில் பெரும்பகுதி அதுதான். வாசனை இல்லை, நிறம் இல்லை, மூச்சு முட்டுவதுகூட இல்லை. ஆக்சிஜன் இல்லாமல் அது மட்டும் இருந்தால், சில மூச்சுகளில் கால் மடங்கிவிடும். அவ்வளவுதான்.

காற்றை மாற்றுவது யானிக் என்ற ஊழியனின் வேலை. நடைபாதையில் இருக்கும் போனில் அவனைக் கூப்பிட்டு, "இன்னைக்கு யாரும் உள்ள போகலப்பா, மாத்த வேண்டாம்" என்றேன்.

"சரிங்க புரொஃபசர்" என்றான். நல்ல பையன். எதிர்க்கேள்வி கேட்கத் தெரியாது.

கதவில் தொங்கிய சிவப்பு அட்டையைப் பச்சைப் பக்கமாகத் திருப்பினேன். பச்சை என்றால் உள்ளே போகலாம். ஒர்னெல்லா ஹெல்மெட்டும் டார்ச்சுமாக வந்தாள். இடுப்பில் ஆக்சிஜன் மீட்டர்.

"இந்த மீட்டர் காலையிலருந்து சும்மா சும்மா கத்துது. குடு, மேல போய் வேற கொண்டாரேன். நீ ஆரம்பி. காத்து மாத்தியாச்சு" என்றேன்.

"நீங்க லிஃப்ட்ல தப்பான பட்டன அமுக்காம வந்தா சரி" என்று சிரித்தபடி கதவைத் திறந்தாள்.

சரியான பட்டனைத்தான் அமுக்கினேன். மேலே காண்டீனில் வரிசை நீளம். நின்றேன். ஏரி மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள். அன்று எனக்குப் பசி இருந்தது என்பதை எந்த மறைப்பும் இல்லாமல் சொல்கிறேன்.

நான் புது மீட்டரோடு கீழே வந்து கூச்சல் போட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. வாழ்க்கையில் எத்தனையோ கணிப்புகள் சொல்லியிருக்கிறேன். முதல் சோதனையிலேயே சரியாக வந்தது அது ஒன்றுதான்.

விசாரணையில், அட்டையைத் திருப்பியது யானிக்காகத்தான் இருக்கும் என்றேன். நான் போனில் வேண்டாம் என்றதாக அவன் சொன்னான். யாரும் நம்பவில்லை. இறுதிச் சடங்கில் அவளுடைய அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுத புரொஃபசரையும், காற்றை மாற்றாமல் விட்ட ஊழியனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நீங்கள் யாரை நம்புவீர்கள்? நீங்களேகூட என்னை நம்பித்தான் அவனைக் கைது செய்தீர்கள். கோபப்படாதீர்கள்.

அழுகை நடிப்பு இல்லை. அவளை எனக்குப் பிடிக்கும். அதனால்தான் அடுத்த கூட்டத்தில், புதுத் துகளுக்கு அவள் பெயரை வைக்கலாம் என்று முன்மொழிந்தேன். எல்லாரும் எழுந்து நின்றார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்த மூலையின் எண்ணைச் சரிபார்க்கலாம் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. செத்துப்போனவளின் துகளை எவன் சந்தேகிப்பான்? இதை நான் திட்டமிடவில்லை. தானாக அமைந்தது.

வசந்தத்தில் இயந்திரம் மறுபடி ஓடியது. வளையத்தின் மறுபக்கத்தில் இருக்கும் இன்னொரு குழு அதே இடத்தில் தேடியது. அவர்கள் கோடு வழவழவென்று இறங்கியது. எங்கள் கருவியிலும் படிகங்களை வழக்கம்போலப் புதிதாக அளந்து எண்களைப் போட்டார்கள். போன வாரம் முடிவு வந்தது. மேடு இல்லை. சில மாதம் பொறுத்திருந்தால் இயற்கையே என்னை முட்டாள் என்று சொல்லியிருக்கும், யாரும் சாக வேண்டியிருக்காது. என் அவசரப் புத்தி பற்றி என் மனைவி சொல்வதெல்லாம் சரிதான்.

ஒர்னெல்லாவைக் கொன்றது நான், மேடம். யானிக் ஒரு தவறும் செய்யவில்லை. அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். குற்றமில்லாத ஒருவன் சிறையில் இருக்க, நான் வீட்டில் படுத்துத் தூங்க முடியவில்லை. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா. யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்தேன் என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

அவனைக் கைது செய்த அன்றே வந்திருப்பேன். ஆனால் அன்றைக்கு அந்த மேடு இன்னும் இருந்தது.