வத்தல் பொடி

சர்ச் கமிட்டி மெம்பர் ஐயா, உமக்கு உம்முடைய சபையாரையே தெரியாது.

சனிக்கிழமை, ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டை போகும் டவுன் பஸ்ஸில் உமக்குப் பின்னால்தான் நான் நின்றேன். பெண்கள் சீட்டில் இருந்த ஓர் அம்மாளிடம் நீர் கைப்பிரதியை நீட்டினீர்.

“இயேசுவப் பத்திக் கேள்விப்பட்டிருக்கியாம்மா?”

“கேட்டிருக்கேன் ஐயா.”

“அப்புறம் எதுக்கு நெத்தியில குங்குமம்?”

அவர் நெற்றியைத் தடவி, விரலைப் பார்த்துச் சிரித்தார். “இது மொளகா வத்தல் பொடில்லா! அரவை மில்லுல வேல பாக்கேன்.”

“சரி, நாளைக்கு எங்க கோயிலுக்கு வா. அங்க எல்லாரும் ஒண்ணுதான்.”

“நானும் அந்தக் கோயில்தான் ஐயா. பன்னெண்டு வருசமா வாரேன். பின்னால பாயில இருப்போம்லா. போன கிறிஸ்மஸுக்கு நீங்கதான் எனக்குச் சேலை தந்தீங்க. போட்டோகூட எடுத்தாங்க.”

“அப்படியா? கூட்டத்துல கவனிக்கல.”

“என் பேரச் சொல்லுங்க பாப்போம்.”

“வண்ணார்பேட்டை வந்துட்டு, வழி விடுங்க” என்று இறங்கிவிட்டீர்.

அவர் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னார்: “குங்குமம்னா மட்டும் அண்ணாச்சிக்குக் கண்ணு நல்லாத் தெரியுது.”

நானும் அதே சபைதான். முன் பெஞ்சில் உட்காருகிறவன். அவர் பெயர் எனக்கும் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தலைகுனிந்து நின்றேன்.

வரும் ஞாயிறு அறிவிப்பு வாசிக்கும்போது சபைக்கு முன்னால் நின்று பதில் சொல்லும். பாயில் இருக்கும் அந்த அம்மாளின் பெயர் என்ன?