டாக்டருக்குச் சொன்ன பதில்

பம்மலிலிருந்து பல்லாவரம் போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தோல் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள் போல. மடியில் சாப்பாட்டுப் பை. மூத்தவள் திடீரென்று, "சீக்காளின்னா சீக்காளி மாதிரி இருக்க வேணாமா?" என்றாள்.

"யாருக்கா, அண்ணனா?"

"வேற யாரு, எங்க வூட்டுக்காரருதான். ஹார்ட்டு வீங்கிப்போய் ஜெயில்ல கெடக்குது. நாலடி நடந்தா மூச்சு வாங்குது. வூட்டுக்கு அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்னு மனு போட்டேன். பெரிய டாக்டருங்க பாத்துச் சொன்னாதான் விடுவாங்க. இது இன்னா பண்ணிச்சு தெரியுமா? ஷேவிங் பண்ணிக்கினு, எண்ணெய் வெச்சுத் தலைய படிய வாரிக்கினு போய் நின்னுச்சாம்."

"பெரியவங்க முன்னாடி போறோம்னு ஒரு மரியாதைதான்க்கா."

"அத்தோட வுட்டுச்சா? 'எப்படி இருக்கீங்க?'ன்னு கேட்டதுக்கு, 'நல்லா கீறேன் சார்'னு சொல்லிக்கீது. உள்ளயே வெச்சு வைத்தியம் பாக்கலாம்னு எழுதிட்டாங்க."

இளையவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"மறுபடியும் போடலாம்ல?"

"போட்டாச்சு. இந்த வாட்டியாவது முடியலன்னு வாயத் தொறந்து சொல்லுன்னு நேத்து பாக்கப் போனப்ப படிச்சுப் படிச்சுச் சொன்னேன். தலைய ஆட்டுச்சு. அப்பால, 'நீ எப்படிக் கீறே?'ன்னு என்னைக் கேட்டுச்சு."

"நீ இன்னா சொன்னே?"

ஆட்டோ பல்லாவரத்தில் நின்றது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

"நல்லா கீறேன்னுதான்."