அறுபத்தொரு படங்களில் ஒரு வெயிட்டர்

உங்கள் பொலிஸ் அலுவலகத்துக் கோப்பி நன்றாக இருக்கிறது. முப்பத்து நான்கு வருடங்களுக்கு முன் பேர்ணில் அகதி விண்ணப்பத்துக்காக என்னை விசாரித்தவர்கள் குழாய்த் தண்ணீர்தான் தந்தார்கள். தமிழிலேயே எழுதித் தரலாம் என்று நீங்கள் சொன்னதும் நல்லதாய்ப் போயிற்று. மொழிபெயர்ப்பாளர் என் வாயில் எதையாவது திணிக்க இம்முறை இடமில்லை.

கஸ்பார் ஓடெர்மாட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். தொண்ணூற்று நான்கு வயது. மனைவி மக்கள் இல்லை. லுசேர்ணில் ஏரிக்கு மேலே மூன்று அறை வீடு. ஞாயிறு மாலை போனால் வெள்ளி மாலை வரை அங்கேயே தங்கி அவரைப் பராமரித்தேன், மூன்று வருடம். குளிப்பாட்டினேன், சவரம் செய்தேன், உருளைக்கிழங்கை மசித்து ஊட்டினேன். ஒரு நாளாவது கை நீட்டியிருக்கிறேனா என்று அயலவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பத்திரிகைகள் இப்போது அவரை ஹொலிவூட் நடிகர் என்கின்றன. இருபத்திரண்டு வயதில் அமெரிக்கா போய், முப்பத்தைந்து வருடத்தில் அறுபத்தொரு படம் நடித்தாராம். எல்லாவற்றையும் அவர் வைத்திருந்த வீடியோ நாடாக்களில் பார்த்தேன், கையில் மணிக்கூட்டோடு. அவர் திரையில் நின்றது மொத்தமாக இரண்டு மணி எட்டு நிமிடம். வெயிட்டர், வீட்டு வேலைக்காரர், ஹொட்டல் மனேஜர், மிஞ்சிப் போனால் முதல் சண்டையிலேயே சாகிற ஜேர்மன் அதிகாரி. ‘மேசை தயார், ஐயா.’ ‘அம்மா வெளியே போயிருக்கிறார்.’ இதுதான் வசனம். இப்படிப்பட்டவரை நாங்கள் உப்புக்குச் சப்பாணி என்போம். சவரம் செய்யும்போது அவர் அளப்பதைக் கேட்டால் ஹொலிவூட்டையே அவர்தான் தோளில் சுமந்தார் என்று நினைப்பீர்கள்.

நானும் நடிகன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் ஏழு மேடைகளில் அரசன் வேடம் கட்டியவன். ஒரு நாடகத்துக்காகவே என்னைப் பிடித்து அடைத்தார்கள். பேர்ணில் அதை உள்ளபடி சொன்னேன். பிடிபட்டது வியாழன் என்று முதல் விசாரணையில் சொன்னேனாம், வெள்ளி என்று இரண்டாவதில் சொன்னேனாம். இப்படிப் பதினொரு முரண்பாடு. சொன்னதையெல்லாம் திரும்ப வாசித்துக் காட்டி, பக்கத்துக்குப் பக்கம் கையொப்பம் வாங்கினார்கள். பிறகு கடிதம் வந்தது: நம்பத்தகுந்ததல்ல. என் அறையில் இருந்த ஜெகதீஸ்வரன் யாரோ எழுதிக் கொடுத்த கதையைப் பாடமாக்கி ஒப்புவித்தான். அவனுக்கு மூன்று மாதத்தில் அகதி அந்தஸ்து. தொழில் என்ற கட்டத்துக்கு நான் நடிகர் என்றேன். அதிகாரி ‘தொழில் இல்லை’ என்று எழுதினார். பத்து வருடம் கழித்து இரக்கப்பட்டு இருக்க விட்டார்கள். அதற்குள் நான் ஹொட்டல் சட்டிகளோடு ஒரு சட்டியாகியிருந்தேன். இடுப்பு போன பிறகுதான் இந்தப் பராமரிப்பு வேலை.

போன செப்டெம்பரில் லக்சாயினி வந்தாள். இங்கே பாடனில் பிறந்த தமிழ்ப் பிள்ளை, சூரிச்சில் சினிமா படித்தவள். ஜனவரியில் ஒரு படவிழா நடத்துகிறார்கள், அதில் ஓடெர்மாட்டுக்கு மரியாதை செய்யப்போகிறார்கள் என்றாள். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. கிழவருக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. “என் பெயரைச் சொல்லுவார்களா, ஹெர் யோகராஜா?” என்று மரியாதை குறையாமல் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பாதிப் படங்களில் அவர் பெயரையே போடவில்லை. அந்தப் பெயரை ஒரு தடவையாவது மேடையில் கேட்டுவிட்டுச் சாகத்தான் இவ்வளவு காலம் காத்திருந்தாராம். எனக்குச் சிரிப்பு வந்தது.

வந்த அன்று லக்சாயினி மடிக்கணினியில் ஒரு காட்சியைப் போட்டுக் காட்டினாள். கதாநாயகனும் கதாநாயகியும் சண்டை பிடிக்கிறார்கள், பின்னால் இவர் தட்டோடு நிற்கிறார்.

“அங்கிள், வசனத்தை விடுங்கோ. மற்ற ஆக்கள் கதைக்கேக்க இவர் பின்னால நிண்டு கேக்கிறதைப் பாருங்கோ. என்ன வடிவாக் கேக்கிறார்.”

நானும் ஊரில் மேடையேறியவன், அரசன் வேடம் என்று சொன்னேன். “அப்பிடியோ, அங்கிள்” என்றாள். கைத்தொலைபேசியில் ரயிலுக்கு மணி பார்த்தாள்.

அடுத்த நாள் எழுதுவதற்கு ஒரு கொப்பி வாங்கினேன்.

நான் செய்தது விசாரணை, வேறொன்றுமில்லை. காலையில் சவரம் முடிந்ததும் கேட்பேன். எந்த வருடம் போனீர்கள், எந்த மாதம், கப்பலின் பெயர் என்ன. பதிலை எழுதி, வாசித்துக் காட்டி, அடியில் கையொப்பம் வாங்குவேன். பத்து நாள் கழித்து அதையே கேட்பேன். தொண்ணூற்று நான்கு வயதில் யாருக்குத்தான் ஒரே பதில் வரும். ஐம்பத்து மூன்று என்றவர் ஐம்பத்து நான்கு என்பார். நான் பழைய பக்கத்தைத் திருப்பிக் காட்டுவேன். “நான் அப்படியா சொன்னேன்?” என்பார். கையொப்பம் உங்களுடையதுதானே என்பேன். கையொப்பத்தை விரலால் தடவிப் பார்ப்பார்.

அவரிடம் உண்மையான ஒரு வருடம் இருந்தது. அமெரிக்கா போகுமுன் லுசேர்ணில் ஹொட்டல் பள்ளியில் படித்து, ஏரிக்கரை ஹொட்டல் ஒன்றில் தட்டுத் தூக்கியிருக்கிறார். அதில் மட்டும் அவர் தடுமாறவில்லை. ஆகவே அதை வைத்துக்கொண்டு, நம்பத்தகாத மிச்சத்தைக் கழித்தேன். நீங்கள் வெயிட்டர், மாலையில் படம் பார்ப்பீர்கள், பார்த்தவையெல்லாம் கலந்துவிட்டன என்று தன்மையாகத்தான் சொன்னேன். முதலில் அழுதார். எனக்கும் ஒரு காலத்தில் அழுகை வந்தது. யாரும் கைக்குட்டை தரவில்லை, நான் அவருக்குக் கொடுத்தேன்.

நவம்பரில் சுவரிலிருந்த படங்களையும் நாடாக்களையும் எங்கள் வீட்டு நிலவறைக் கெல்லருக்குக் கொண்டுபோய் வைத்தேன். உடுப்புத் தோய்க்க இறங்கிய என் மனைவி ஜெயமலர் கண்டுவிட்டாள்.

“ஏனப்பா, அந்த மனிசன்ர சாமானெல்லாம் எங்கட கெல்லருக்கை கிடக்கு?”

பாதுகாப்புக்கு என்றேன். அவள் நம்பவில்லை, உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். டிசம்பர் நடுவில் அவர் தானாகவே சொல்லி நான் எழுதியது கொப்பியில் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது: ‘நான் வெயிட்டர். சினிமா பிடிக்கும்.’ கையொப்பம் தெளிவாக இருக்கும், பாருங்கள்.

விழாவன்று நான்தான் அவரைச் சக்கர நாற்காலியில் மேடைக்குத் தள்ளிப் போனேன். திரையில் அந்தத் தட்டுக் காட்சி ஓடியது. பெயரைச் சொன்னார்கள், முந்நூறு பேர் எழுந்து கைதட்டினார்கள். என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டு ஒலிவாங்கியை நீட்டினார்கள். கிழவர் திரையை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“அந்த ஆள் அழகாகப் பரிமாறுகிறார். யார் அவர்?”

சபை சிரித்துக் கொண்டாடியது, என்ன அடக்கம் என்று. படித்தவர்களை ஏமாற்ற இவ்வளவு போதும். லக்சாயினி மட்டும் சிரிக்கவில்லை. வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அங்கிள், செப்டெம்பர்ல எல்லாம் ஞாபகம் இருந்ததே. வியாழக்கிழமை ஒரு டொக்டரோட வாறன். நாளுக்கு ஒரு படமாப் போட்டுக் காட்டுவம். திரும்பி வரும்.”

வியாழக்கிழமை. ஒரு வியாழக்கிழமைக்காக என் வாழ்க்கையையே பொய் என்றவர்கள் நீங்கள். அவருக்கு மட்டும் வியாழக்கிழமை எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்குமாம்.

புதன் காலை ஐந்தரைக்கு அவரை எழுப்பினேன். ஆறு மணிக்கு வேலை, காலைச் சாப்பாட்டு மேசைகள் காத்திருக்கின்றன என்றேன். வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுவிட்டேன், கறுப்புக் கழுத்துப்பட்டி கட்டிவிட்டேன். வெளியே சைபருக்குக் கீழே ஏழு பாகை. மேலங்கியை எடுத்தபோது, வெயிட்டர்கள் வேலையில் மேலங்கி போடுவதில்லை என்று அவரே சொன்னார். நான் மறுக்கவில்லை. சக்கர நாற்காலி விழாவுக்கு மட்டும்தான், வீட்டில் அவர் நடக்கக்கூடியவர். கதவைத் திறந்துவிட்டேன். “நன்றி, ஹெர் யோகராஜா, பிந்தினால் கோபிப்பார்கள்” என்று சொல்லிவிட்டு இறங்கினார். ஏழரை மணிக்கு ஏரிக்கரை ஹொட்டல் ஒன்றின் பின்கதவடியில் உட்கார்ந்தபடி விறைத்துச் செத்துக் கிடந்தவரை, சமையலறை வேலைக்கு வந்த எங்கள் ஆட்களே கண்டார்கள்.

கதவு தவறுதலாகத் திறந்து கிடந்தது என்று உங்கள் முதல் விசாரணையில் சொன்னேன். இப்போது திறந்தது நான் என்கிறேன். நான் சொன்னதில் முரண்பாடு இது ஒன்றுதான்.

நாடாக்களை ஏன் எறியவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவற்றில் எனக்கு ஒரு அக்கறையும் இல்லை. ஒவ்வொன்றையும் மூன்று தடவை பார்த்தேன், அவ்வளவுதான். அன்று காலை ஜன்னலில் நின்று அவர் திருப்பத்தைத் தாண்டும்வரை பார்த்தேன். முதுகு நேராக, இடது கை தட்டுக்கென்று மடிந்தபடி போனார். அந்த நடை எப்படி என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். வேண்டுமானால் நடந்து காட்டுவேன்.

நான் எழுதியதைத் திரும்ப எனக்கு வாசித்துக் காட்டுங்கள், பக்கத்துக்குப் பக்கம் கையொப்பம் இடுகிறேன். உங்கள் படிவத்தின் முதற் பக்கத்தில் மட்டும் ஒரு திருத்தம். தொழில் என்ற கட்டத்தில் பராமரிப்பாளர் என்று போட்டிருக்கிறீர்கள். அதை வெட்டிவிட்டு, நடிகர் என்று எழுதுங்கள்.