முற்றத்தில் யாருமில்லை

உங்கள் ஸ்டேஷன் நாற்காலி நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் அலுவலகத்தில் உட்காரக் கலர் கலராய்ப் பஞ்சு மூட்டைகள்தான். நாற்காலி போட்டால் சிந்தனை தடைபடும் என்று அவற்றை வாங்கிப் போட்டவன் நான். எழுந்திருக்கத்தான் யாராவது கை கொடுக்க வேண்டும்.

கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். 'முற்றம்' என்ற சமூக வலைத்தளத்தை நானும் என் தங்கையின் கணவரும் சேர்ந்து தொடங்கினோம். தங்கை நோயில் இறந்த மறுமாதமே மாப்பிள்ளை தனியாகப் போய் 'வாசல்' என்று ஒன்றை ஆரம்பித்தார். "உங்க முகத்தப் பாத்தாலே அவ ஞாபகம் வருது மச்சான்" என்றார். ஞாபகம் வந்தவர் என் பொறியாளர்களையும் அள்ளிக்கொண்டு போனார். பிறகு என் ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு விளம்பரப் பலகை வைத்தார்: 'முற்றத்தில் யாருமில்லை, வாசலுக்கு வாருங்கள்.'

நான் கோபப்படவில்லை. தொழில் என்றால் போட்டி இருக்கும். காபி குடிக்கும்போதெல்லாம் அதை வாசித்தேன், அவ்வளவுதான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தளத்தை விட்டு விலகிப் போனவருக்கு, அவருக்கு நெருங்கியவர் யாரோ இப்போது இங்கே இருப்பதாகப் பச்சைப் புள்ளி காட்டி அழைப்போம். இதைச் செய்யும் குழுவுக்குப் பாசப் பிரிவு என்று பெயர். இறந்தவர்களின் கணக்கை நாங்கள் நீக்குவதில்லை. நீக்கினால் தலைக்கணக்கு குறைந்து முதலீட்டாளர்கள் துக்கப்படுவார்கள். ஆகவே தங்கையின் கணக்கும் அப்படியே இருந்தது. அதன் பச்சைப் புள்ளியை எரியவிட்டேன். மாப்பிள்ளை பார்க்கட்டும் என்றுதான்.

அவர் பார்க்கவில்லை. அவருடைய பழைய போனில் விளையாடிக்கொண்டிருந்த மகள் பார்த்தாள். நாலாம் வகுப்பு.

"அம்மா, நீ இங்கயா இருக்க?" என்று எழுதியிருந்தாள்.

வாடிக்கையாளர் கேட்டால் பதில் சொல்லாமல் விடுவது எங்கள் நிறுவனத்தில் இல்லை. "இங்கதான்டா கண்ணு இருக்கேன். வாசலுக்கு அம்மா வர மாட்டேன். உன் ஃப்ரெண்ட்ஸையும் இங்க கூட்டிட்டு வா" என்று எழுதினேன். தங்கை அப்படித்தான் பேசுவாள், நன்றாக வந்திருந்தது. குழந்தை வகுப்பையே கூட்டிவந்தாள். பிள்ளைகளுக்குப் பின்னால் பெற்றோர். வாசல்காரர் மகளே முற்றத்தில்தான் இருக்கிறாள் என்று ஊரே சிரித்தது. சிரிக்கவைத்ததும் பாசப் பிரிவுதான்.

ஒருநாள் மாப்பிள்ளை நேரில் வந்தார். மஞ்சள் மூட்டையில் புதைந்து உட்கார்ந்தார்.

"புள்ள சாப்பிட மாட்டேங்குது மச்சான். போனையே பாத்துக்கிட்டு இருக்கு. நிறுத்திடுங்க."

"நிறுத்திடலாம் மாப்பிள்ளை. அம்மா திரும்பவும் செத்துட்டான்னு நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க."

"என்னதான் வேணும் உங்களுக்கு?"

நான் ஜன்னலைக் காட்டினேன். பிறகு கை கொடுத்துத் தூக்கிவிட்டேன். அவரால் தானாக எழ முடியவில்லை. அந்த வாரமே பலகை இறங்கியது. கொஞ்ச நாளில் வாசலையும் மூடினார்.

மூடிய பிறகும் ஏன் எழுதிக்கொண்டிருந்தேன் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. இன்று காலை அவள், "அம்மா, எனக்குக் காய்ச்சல்" என்று எழுதியிருந்தாள். பதில் போடுவதற்குள் போனை நீங்கள் வாங்கி வைத்துவிட்டீர்கள். ஒரு நிமிடம் கொடுங்கள், ஐயா. நான் அவளுக்குத் தாய்மாமன். தாயில்லாத பிள்ளையை அப்படியே விட்டுவிட முடியுமா?